கைத்தொலைபேசிக் காசும் கடைக்காரர் நம்பிக்கையும்: கென்யா சொல்லித்தரும் பாடம்

புறக்கோட்டையிலுள்ள ஒரு மொத்த வியாபாரி, தன் கடைக்கு ஒரு தடவைகூட வந்திராத வெளியூர்க் கடைக்காரருக்கு லொறி நிறையச் சாமான் ஏற்றி அனுப்புகிறார். கையில் இருப்பது பின்திகதியிட்ட ஒரு காசோலை. சில வேளைகளில் அதுவும் இல்லை, கடன் கொப்பியில் ஒரு வரி மட்டுமே. அந்தக் கடைக்காரரின் வாப்பாவுடன் முப்பது வருடமாகக் கொடுக்கல் வாங்கல் இருந்தது என்பதுதான் பிணை. அதே வியாபாரியிடம், "ஐயாயிரம் ரூபாவைக் கைத்தொலைபேசியில் அனுப்பட்டுமா?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டால் அவர் தயங்குகிறார். "சல்லியாகவே தாங்களேன்" என்கிறார்.

இந்தத் தயக்கத்தைப் பழமைவாதம் என்று பலர் எள்ளி நகையாடுகின்றனர். ஆனால் அந்த வியாபாரியின் மனதில் ஓடும் கேள்விகள் நியாயமானவை. இலக்கம் ஒன்று தவறி வேறொருவருக்குப் போய்விட்டால் யார் திருப்பித் தருவது? வந்திருக்கும் குறுந்தகவல் உண்மையானதா, போலியா? பாதி வழியில் சிக்னல் போனால் பணம் எங்கே நிற்கும்? கம்பனி வங்குரோத்தானால் என் காசு யார் கையில்? ஒரு மனிதனை முப்பது வருடம் பார்த்துப் பெற்ற நம்பிக்கையை, நேற்றுத் தொலைபேசியில் இறக்கிய ஒரு செயலி எப்படிப் பெற முடியும்?

இக்கேள்விகளுக்கு விளம்பரத்தால் பதில் சொல்ல முடியாது. பணத்தைக் கையாளும் மனிதர்களிடம் போய், அவர்கள் எங்கே அஞ்சுகிறார்கள் என்று கேட்டும் பார்த்தும் அறிந்து, அந்த அச்சத்துக்கு ஒவ்வொன்றாகப் பதில் கட்டிய சேவைகளே உலகில் நிலைத்திருக்கின்றன. அதற்கு மிகத் தெளிவான உதாரணம் ஆபிரிக்காவின் கென்யாவில் பிறந்த எம்-பெசா. சுவாஹிலி மொழியில் பெசா என்றால் பணம். முன்னால் உள்ள 'எம்' மொபைலைக் குறிக்கும். செயலி தயாரிக்கும் நம் இளைஞர்களும், அதைப் பயன்படுத்தப்போகும் நம் வர்த்தகர்களும் இந்தக் கதையை அறிந்து வைத்திருப்பது நல்லது.

கடன் அறவிடப் புறப்பட்ட திட்டம்

எம்-பெசா முதலில் பணம் அனுப்பும் சேவையாகத் திட்டமிடப்படவில்லை. பிரித்தானியாவின் வொடபோன் நிறுவனத்தைச் சேர்ந்த நிக் ஹியூஸ், சூசி லோனி ஆகிய இருவரும் இதன் பின்னணியில் நின்றவர்கள். பிரித்தானிய அரசின் சர்வதேச அபிவிருத்தித் திணைக்களம் ஏறத்தாழ பத்து இலட்சம் பவுண் உதவி வழங்க, வொடபோனும் தன் பங்கை இட்டது. கென்யாவில் வொடபோனின் பங்காளியான சபாரிகொம் நிறுவனம் களத்தில் இறங்கியது.

அவர்களது நோக்கம் எளிமையானது. கென்யாவில் பௌலு என்றொரு நுண்கடன் நிறுவனம் இருந்தது. சிறு வியாபாரிகள் குழுக்களாகச் சேர்ந்து அதனிடம் கடன் பெற்று, குழுக் கூட்டங்களில் தவணைப் பணம் செலுத்தி வந்தனர். அந்தத் தவணையைக் கைத்தொலைபேசி மூலம் செலுத்த வழி செய்தால் நேரமும் மிச்சம், பணத்தைச் சுமந்து செல்லும் ஆபத்தும் இல்லை என்று கணக்கிட்டனர்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். திட்டம் கையில் இருந்தது, பணம் இருந்தது, தொழில்நுட்பம் இருந்தது. இருந்தும் அவர்கள் நாடு முழுவதும் உடனடியாகச் சேவையை ஆரம்பித்துவிடவில்லை. 2005 ஒக்டோபரில் தலைநகர் நைரோபியிலும் அதற்கு அண்மையிலுள்ள திகா நகரிலும் ஏறத்தாழ 500 வாடிக்கையாளர்களுடனும், விரல்விட்டு எண்ணக்கூடிய சில முகவர் கடைகளுடனும் ஒரு முன்னோட்டத்தை மட்டும் நடத்தினர். பல மாதங்கள் அருகில் இருந்து பார்த்தனர்.

வாடிக்கையாளர் காட்டிய வழி

பார்த்தபோது தெரிந்தவை எதிர்பாராதவை. மக்கள் கடன் தவணையைக் கட்டினார்கள் என்பது உண்மை. ஆனால் அதோடு நிற்கவில்லை. ஒரு கடைக்காரர் இன்னொரு கடைக்காரருக்குச் சரக்குக்கான பணத்தை இதில் அனுப்பினார். மாலையில் வங்கி மூடிய பின்னரும் முகவர் கடை திறந்திருந்ததால், சில வியாபாரிகள் அன்றைய விற்பனைப் பணத்தை இதில் வைப்பிலிட்டு இரவைக் கழித்தனர். அதாவது இதையே இரும்புப் பெட்டியாக்கிக் கொண்டனர். பிரயாணம் செய்பவர்கள் புறப்படும் ஊரில் பணத்தைக் கொடுத்துவிட்டு, வெறுங்கையுடன் பஸ்ஸில் ஏறி, போய்ச் சேர்ந்த ஊரில் எடுத்துக்கொண்டனர். வேறு சிலர் பேச்சு நேரத்தை வாங்கிக் கிராமத்து உறவினருக்கு அனுப்பினர். கொள்ளையரிடம் பணத்தைப் பறிகொடுத்த கணவனுக்கு மனைவி பணம் அனுப்பியதும் நடந்தது.

மறுபுறம், எதற்காகத் திட்டம் தீட்டினார்களோ அந்தக் கடன் அறவீட்டில்தான் சிக்கல் முளைத்தது. பௌலு நிறுவனத்தின் கணக்குப் புத்தகமும் புதிய முறையும் ஒத்துப்போகவில்லை. தொலைபேசியில் தவணை கட்டியவர்கள் குழுக் கூட்டத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டனர். குழுவின் ஒற்றுமையே பிணையாக இருந்த ஒரு நிறுவனத்துக்கு இது பெரும் கவலை.

இந்த இடத்தில் ஒரு முதலாளி என்ன செய்திருப்பார்? "நாம் நினைத்தபடி பாவியுங்கள்" என்று வாடிக்கையாளரைத் திருத்தப் பார்த்திருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கடன் தவணை என்ற மூல நோக்கத்தை ஒதுக்கிவிட்டு, மக்கள் தாமாகக் கண்டுபிடித்த பயனைக் கையில் எடுத்தனர். 2007 மார்ச்சில் நாடளாவிய ரீதியில் சேவை ஆரம்பமானபோது அதன் விளம்பர வாசகம், வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள் என்பதாக மட்டுமே இருந்தது. நகரத்தில் உழைத்துக் கிராமத்துக்கு அனுப்பும் கென்யர்கள் அதுவரை பஸ் சாரதியிடமோ ஊருக்குப் போகும் நண்பரிடமோ பணத்தைக் கொடுத்தனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்று ஏங்கிக் கிடந்தவர்கள். அந்த ஏக்கத்துக்குப் பதில் கிடைத்தது. ஆண்டு முடிவதற்குள் வாடிக்கையாளர் தொகை பத்து இலட்சத்தைத் தொட்டது.

ஐந்நூறு பேரைக் கவனித்துக் கற்றது, பத்து இலட்சம் பேரைக் கொண்டு வந்தது. சந்தையை அறிவது என்பதன் பொருள் இதுதான்.

அச்சத்துக்கு அச்சமாகக் கட்டிய பதில்

எம்-பெசா ஆரம்பத்தில் இன்று நாம் சொல்லும் அர்த்தத்தில் ஒரு செயலி அல்ல. மிக மலிவான தொலைபேசியிலும் இயங்கும் வண்ணம் சிம் அட்டைக்குள்ளேயே அதன் பட்டியல் வைக்கப்பட்டிருந்தது. வர்ணமில்லை, படமில்லை. ஆயினும் மக்கள் நம்பினார்கள். காரணம், வாடிக்கையாளரின் ஒவ்வொரு பயத்துக்கும் அதில் ஒரு பதில் இருந்தது.

முதலாவது பயம், போய்ச் சேர்ந்ததா என்பது. பணம் அனுப்பியவுடன் அனுப்பியவருக்கும் பெற்றவருக்கும் ஒரே வேளையில் குறுந்தகவல் சென்றது. அதில் தொகை, மற்றவரின் பெயர், திகதி, நேரம், கொடுக்கல் வாங்கலுக்குரிய தனி இலக்கம், மீதித்தொகை ஆகியவை இருந்தன. இரு தரப்பினரின் கையிலும் ஒரே பற்றுச்சீட்டு. பின்னர் தகராறு வந்தால் காட்டுவதற்கு ஆதாரம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறும் சாட்சி வைத்துக்கொள்ளுமாறும் பணிக்கும் சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம், குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நாம் அறிவோம். எழுத்தும் சாட்சியும் இருக்கும் இடத்தில் மனம் அமைதி கொள்கிறது என்பது மனித இயல்பு. கென்யாவின் குறுந்தகவல் செய்த வேலையும் அதுவே.

இரண்டாவது பயம், வேறு யாராவது எடுத்துவிடுவார்களோ என்பது. இதற்கு இரகசிய இலக்கமும், பணத்தை மீளப்பெறும்போது அடையாள அட்டையும் தேவைப்பட்டன. தொலைபேசி களவு போனாலும் பணம் தொலைபேசிக்குள் இல்லை, கணக்கில் இருக்கிறது என்பதை மக்கள் மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டனர்.

மூன்றாவது பயம், தெரியாத கட்டணம். பதிவு இலவசம். பணத்தை வைப்பிலிடுவதும் இலவசம். பதிவு செய்த ஒருவருக்கு 100 ஷில்லிங் அனுப்பினாலும் 35,000 ஷில்லிங் அனுப்பினாலும் ஆரம்பத்தில் ஒரே கட்டணம், 30 ஷில்லிங். கட்டணப் பட்டியல் முகவர் கடையில் கண்ணுக்குத் தெரியும்படி தொங்கியது. ஒரு வியாபாரிக்கு வீதாசாரக் கணக்குச் சொல்லி விளங்க வைப்பதைவிட, "முப்பது ஷில்லிங், அவ்வளவுதான்" என்று சொல்வது எவ்வளவு இலகு!

நான்காவது பயம், இலக்கம் தவறுவது. இதற்கு ஆரம்பத்தில் போதிய பதில் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தவறான இலக்கத்துக்குப் பணம் போய்விட்டது என்ற முறைப்பாடுகள் தொடர்ந்து வந்தன. பின்னாளில் சபாரிகொம் ஒரு மாற்றத்தைச் செய்தது. இரகசிய இலக்கத்தை அழுத்திய பிறகு, பணம் பெறப்போகிறவரின் பெயர் திரையில் தோன்றும். பெயர் பிழையென்றால் சில விநாடிகளுக்குள் நிறுத்திவிடலாம். சுவாஹிலியில் இதற்கு ஹகிகிஷா, அதாவது உறுதிப்படுத்து என்று பெயரிட்டார்கள். பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஆனால் வாடிக்கையாளரின் முறைப்பாட்டைக் குப்பைக்கூடைக்குள் போடாமல் கேட்டதன் பலன் அது.

கடைக்காரரே சேவையின் முகம்

பணத்தைக் கையில் வாங்குபவரும் கொடுப்பவரும் முகவர்தான். எனவே, முகவர் ஏமாற்றிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி பலரிடம் இருந்தது. ஒல்கா மொராவ்சின்ஸ்கி என்ற ஆய்வாளர் நைரோபியின் கிபேரா சேரியிலும் மேற்கு கென்யாவின் புகூரா என்ற கிராமப் பகுதியிலும் மக்களோடு மக்களாக நீண்ட காலம் தங்கி இதை ஆராய்ந்தார். 2008இல் வெளியான அவரது கூட்டாய்வு ஒன்று முக்கியமான ஓர் உண்மையைச் சொன்னது. மக்கள் சபாரிகொம்மை நம்பினார்கள், ஆனால் முகவரை அவ்வளவாக நம்பவில்லை.

இந்த இடைவெளியை எம்-பெசா எப்படிச் சமாளித்தது? முகவர் வாடிக்கையாளரிடம் காசை வாங்கிக்கொண்டு, "பிறகு ஏற்றிவிடுகிறேன்" என்று சொல்ல இடமே வைக்கப்படவில்லை. முகவர் தன் சொந்தப் பணத்தை முன்கூட்டியே வைப்பிலிட்டு அதற்கு ஈடான மின்னணுப் பணத்தை வைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் காசைக் கொடுக்கும்போது முகவரின் கணக்கிலிருந்து அது உடனே வாடிக்கையாளரின் கணக்குக்கு மாறும். குறுந்தகவல் வரும்வரை வாடிக்கையாளர் கடையை விட்டு நகரத் தேவையில்லை. அத்தோடு முகவர் கடையில் ஒரு பதிவுக் கொப்பி இருந்தது. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் அதில் பேனையால் எழுதப்பட்டு வாடிக்கையாளர் கையொப்பமிட்டார். கணினியில் எல்லாம் பதிவாகியிருக்கும்போது கொப்பி எதற்கு என்று பொறியியலாளர் ஒருவர் கேட்கலாம். கணினியை வாடிக்கையாளர் காண்பதில்லை, கொப்பியைக் காண்கிறார். அவருக்குப் பழக்கமான சாட்சி அது.

கடைகள் யாவும் ஒரே பச்சை நிறத்தில், ஒரே பெயர்ப் பலகையுடன் அமைந்தன. நைரோபியில் பார்த்த அதே கடையை ஊரிலும் பார்த்தபோது, ஆள் புதியவராக இருந்தாலும் இடம் புதியதாகத் தோன்றவில்லை.

இதில் வர்த்தகர்களுக்கு ஒரு பாடம் உண்டு. கிராமப்புற முகவர் கடைகளில் சில நாட்களில் கைக்காசு தீர்ந்துவிடும். பணம் எடுக்க வந்தவர் வெறுங்கையுடன் திரும்புவார். அப்போது அவர் "முகவரிடம் காசில்லை" என்று மட்டும் நினைப்பதில்லை, "இந்தச் சேவையே சரியில்லை" என்று நினைக்கிறார். எவ்வளவு உயர்ந்த தொழில்நுட்பமாக இருந்தாலும், அதன் பெயர் கடைசியில் லாச்சிக்கு முன்னால் நிற்கும் மனிதரின் கையிலேயே தங்கியிருக்கிறது.

அமானிதமாக வைக்கப்பட்ட பணம்

கம்பனி விழுந்தால் என் காசு எங்கே? இந்தக் கேள்விக்கான பதில் திரையில் இல்லை, சட்ட அமைப்பில் இருக்கிறது. வாடிக்கையாளர்கள் வைப்பிலிடும் பணம் சபாரிகொம்மின் வருமானமாகக் கருதப்படவில்லை. அது வங்கியில் ஒரு நம்பிக்கைப் பொறுப்புக் கணக்கில் தனியாக வைக்கப்பட்டது. சபாரிகொம் தன் வியாபாரத்துக்கு அதை எடுக்க முடியாது. சபாரிகொம்முக்குக் கடன் கொடுத்தவர்களும் அதன்மீது கைவைக்க முடியாது. நம் மொழியில் சொன்னால் அது அமானிதம்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு சோதனையும் வந்தது. சேவை வேகமாக வளர்ந்ததைக் கண்டு, வங்கியல்லாத ஒரு தொலைபேசிக் கம்பனி மக்கள் பணத்தை வைத்திருப்பது ஆபத்து என்று கென்ய வங்கிகள் குரல் எழுப்பின. 2008இன் இறுதியில் அரசு கணக்காய்வு ஒன்றுக்குப் பணித்தது. 2009 ஜனவரியில், சேவை பாதுகாப்பாகவே நடத்தப்படுகிறது என்ற முடிவு வெளிவந்தது. பணம் தனியாக வைக்கப்பட்டிருந்ததால் எவரும் ஒளிக்க வேண்டியிருக்கவில்லை. கணக்கு நேராக இருந்தால் கணக்காய்வாளரே நமக்கு விளம்பரகாரர் என்பதை நம் வர்த்தகர்கள் மனதிற்கொள்வது நல்லது.

அதற்கு முன்பே மக்கள் மத்தியில் இச்சேவை ஒரு பெரிய சோதனையைத் தாண்டியிருந்தது. 2007 டிசம்பர் தேர்தலைத் தொடர்ந்து கென்யாவில் வெடித்த இனக் கலவரங்களில், 2008இன் ஆரம்பத்தில், நைரோபியின் சேரிகளில் சிக்குண்ட உறவினர்களுக்குப் பலர் எம்-பெசா மூலமே பணமும் பேச்சு நேரமும் அனுப்பினர். வீதியில் இறங்க முடியாத நாளில் வேலை செய்த சேவையை மக்கள் மறக்கவில்லை.

வட்டி பற்றிக் கேட்கும் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. அந்தப் பொறுப்புக் கணக்கில் சேரும் வட்டி வாடிக்கையாளருக்குக் கொடுக்கப்படுவதில்லை. சபாரிகொம்மும் அதை இலாபமாக எடுப்பதில்லை. அது எம்-பெசா பவுண்டேசன் என்ற அமைப்பினூடாகத் தரும காரியங்களுக்குச் செல்கிறது. எனினும் 2012இல் இதே தொலைபேசிக்குள் எம்-ஷ்வாரி என்ற கடன் வசதி வந்தது. முப்பது நாள் கடனுக்கு 7.5 வீதக் கட்டணம். பணம் அனுப்புவதும் கடன் வாங்குவதும் ஒரே திரையில் அருகருகே வரும்போது, எது வெறும் சேவைக் கட்டணம், எது கடனுக்கு மேல் வாங்கப்படும் தொகை என்பதைப் பிரித்துக் காட்டும் கடமை செயலி அமைப்பவருக்கு உண்டு. ஹலால் ஹராம் பேணும் வாடிக்கையாளர்கள் உள்ள சமூகத்தில் இதுவும் நம்பகத்தன்மையின் ஒரு பகுதியே.

இத்தனைக்கும் பலன் என்ன? தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் ஆகிய இரு பொருளியலாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, எம்-பெசா கென்யாவில் 194,000 குடும்பங்களை வறுமையிலிருந்து மீட்டிருக்கிறது. அந்நாட்டுக் குடும்பங்களில் இது சுமார் 2 வீதம். 185,000 பெண்கள் விவசாயத்திலிருந்து சிறு வியாபாரத்துக்கு மாற இது உதவியிருக்கிறது என்றும் அவர்கள் கணித்தனர். நம்பகமான ஒரு கொடுப்பனவு முறை பெரிய கம்பனிக்கு மட்டுமல்லாமல் சந்தையில் காய்கறி விற்கும் பெண்ணுக்கும் பயன் தந்திருக்கிறது.

தென்னாபிரிக்காவில் எடுபடாத பிரதி

கென்யாவில் வென்றதை அப்படியே பெயர்த்து வைத்தால் போதும் என்று நினைத்தவர்களும் உண்டு. 2010இல் எம்-பெசா தென்னாபிரிக்காவில் ஆரம்பிக்கப்பட்டது. அங்கே வங்கிக் கணக்கு வைத்திருப்போர் கென்யாவைவிட மிக அதிகம். பணம் அனுப்ப வேறு வழிகள் ஏற்கனவே இருந்தன. சட்ட விதிமுறைகளும் வேறு. மீண்டும் ஒரு தடவை புதுப்பித்து அறிமுகப்படுத்திப் பார்த்தும் எதிர்பார்த்த வாடிக்கையாளர் தொகை சேரவில்லை. 2016இல் சேவை மூடப்பட்டது.

அதே பெயர், அதே தொழில்நுட்பம், அனுபவமுள்ள கம்பனி. ஆனால் அங்குள்ள மக்களின் பயமும் தேவையும் வேறு. நைரோபியில் கிடைத்த பதில் ஜொஹன்னஸ்பேர்க்கின் கேள்விக்குப் பொருந்தவில்லை. நம்மூரில் செயலி செய்பவர்களும், வெளிநாட்டுச் செயலி ஒன்றைப் பார்த்து அதன் திரைகளைத் தமிழாக்கம் செய்தால் போதும் என்று எண்ணக்கூடாது.

நமது கடைத் தெருவில் எப்படிக் கேட்பது?

இலங்கைக்கு இது புதிய துறையல்ல. கொடுப்பனவு முறைமைகளுக்கான சட்டம் 2005இலேயே வந்துவிட்டது. டயலொக் நிறுவனத்தின் ஈஸி கேஷ் 2012இல் ஆரம்பமானது. இலங்கை மத்திய வங்கி 2018இல் லங்கா கியூஆர் என்ற பொதுத் தரநிலையைக் கொண்டு வந்தது. இன்று பல கடைகளின் மேசையில் அந்தச் சதுரக் குறியீடு ஒட்டப்பட்டிருக்கிறது. ஒட்டப்பட்டிருப்பது வேறு, கடைக்காரர் மனமொப்பிப் பாவிப்பது வேறு. அந்த இடைவெளியை நிரப்ப, செயலி அமைப்போர் செய்ய வேண்டிய சில காரியங்களைக் கென்ய அனுபவத்திலிருந்து எடுத்துச் சொல்லலாம்.

முதலில், "இப்படியொரு செயலி வந்தால் பாவிப்பீர்களா?" என்று கேட்கவே கூடாது. நம் மக்கள் மரியாதைக்காக "ஓம், நல்லதுதானே" என்று சொல்லிவிடுவார்கள். அதற்குப் பதிலாக, "போன கிழமை சரக்குக்கு எப்படிப் பணம் கொடுத்தீர்கள்? யாரிடம் கொடுத்தனுப்பினீர்கள்? போய்ச் சேர்ந்தது என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? கடைசியாக எப்போது பணம் பிசகியது?" என்று நடந்ததைக் கேட்க வேண்டும். ஒருவர் செய்யப்போவதாகச் சொல்வதைவிட, ஏற்கனவே செய்ததே அவரது உண்மையான எண்ணத்தைக் காட்டும்.

இரண்டாவது, கடையில் போய் உட்கார வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முந்திய நெருக்கடியிலும் நோன்புப் பெருநாள் வியாபாரத்தின்போதும் உட்கார வேண்டும். ஒரு கையில் பொதியும் மறு கையில் மீதிச் சில்லறையுமாக நிற்கும் கடைக்காரர், தொலைபேசியை எடுத்து, திறந்து, குறுந்தகவலைத் தேடி வாசிக்க முடியுமா? இதைப் பார்த்துத்தான் இந்தியாவில் பேடிஎம் போன்ற நிறுவனங்கள் பணம் கிடைத்ததும் தொகையை உரத்து அறிவிக்கும் சிறு ஒலிபெருக்கிப் பெட்டிகளைக் கடைகளுக்கு வழங்கின. கடைக்காரர் காதால் கேட்டுக்கொண்டே அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கலாம். போலிக் குறுந்தகவலையோ, பழைய கொடுப்பனவின் படத்தையோ காட்டி ஏமாற்றுபவர்களுக்கும் இது ஒரு தடை.

மூன்றாவது, மென்பொருள் எழுதுவதற்கு முன்னரே திரைகளைக் கடதாசியில் வரைந்து, ஐந்தாறு பேரிடம் கொடுத்து, "இதில் ஆயிரம் ரூபா அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு மௌனமாகப் பார்க்க வேண்டும். விளக்கம் கொடுக்கக் கூடாது. விரல் எங்கே தயங்கி நிற்கிறதோ அங்கே பிழை திரையில் இருக்கிறது, மனிதரில் அல்ல. மென்பொருட் பாவனை பற்றி எழுதிவரும் ஜேக்கப் நீல்சன், ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிவந்துவிடும் என்று 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டார். இதற்குப் பெரிய செலவில்லை.

நான்காவது, காரியம் கெட்டுப்போகும் தருணத்தைச் சோதிக்க வேண்டும். எல்லாம் சரியாக நடக்கும்போது எந்தச் செயலியும் நல்ல செயலிதான். பணம் அனுப்பும் நடுவில் சிக்னல் அறுந்தால் திரை என்ன சொல்கிறது? ஆங்கிலத்தில் 'பெண்டிங்' என்ற ஒரு சொல் மட்டும் வந்தால், வாடிக்கையாளர் பணம் போய்விட்டதோ என்று பயந்து மறுபடியும் அனுப்புவார். "உங்கள் பணம் இன்னும் உங்கள் கணக்கிலேயே இருக்கிறது, மீண்டும் அனுப்ப வேண்டாம்" என்று தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாகச் சொன்னால் பாதிப் பயம் நீங்கிவிடும்.

ஐந்தாவது, கடை உரிமையாளரிடம் மட்டும் பேசிவிட்டு வரக்கூடாது. லாச்சியில் நிற்கும் பையனிடமும், வீட்டிலிருந்து உணவோ உடையோ தயாரித்து விற்கும் பெண்களிடமும், மத்திய கிழக்கிலிருந்து வரும் பணத்தில் குடும்பம் நடத்தும் தாய்மாரிடமும் கேட்க வேண்டும். முதலாளிக்குப் பயம் மொத்தத் தொகை பற்றியது. பையனுக்குப் பயம், கணக்குப் பிசகினால் தன் சம்பளத்தில் வெட்டுவார்களோ என்பது. ஒரே கடையில் இரண்டு பயம், இரண்டுக்கும் பதில் வேண்டும்.

வர்த்தகர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

செயலி அமைப்போரைப் பற்றி இவ்வளவு சொன்னோம். வர்த்தகர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. கழுத்துப்பட்டி கட்டிய விற்பனைப் பிரதிநிதி ஒருவர் கடைக்கு வந்து ஒரு புதிய கொடுப்பனவுச் சேவையைச் சொன்னால், உடனே ஒப்பமிடவும் வேண்டாம், உடனே விரட்டவும் வேண்டாம். சில கேள்விகளைக் கேளுங்கள்.

இந்தச் சேவைக்கு மத்திய வங்கியின் அனுமதி இருக்கிறதா? என் பணம் எந்த வங்கியில், எந்தக் கணக்கில், யார் பெயரில் இருக்கும்? விற்பனைப் பணம் என் கணக்குக்கு உடனே வருமா, மறுநாளா? ஒவ்வொரு கொடுப்பனவிலும் எவ்வளவு கழியும், அதை எழுத்தில் தருவீர்களா? பணம் அனுப்புவதற்கு முன் மற்றவரின் பெயரைத் திரை காட்டுமா? தவறு நடந்தால் எந்த இலக்கத்துக்கு அழைப்பது, அங்கே தமிழில் பதில் சொல்ல ஆள் உண்டா, எத்தனை நாளில் தீர்ப்பீர்கள்? என் விற்பனை விபரங்களை யார் யார் பார்ப்பார்கள்?

இவற்றுக்கு நேரான பதில் தருபவர், இக்கேள்விகளை முன்பே பலரிடம் கேட்டறிந்து வந்தவர். திணறுபவர் இன்னும் சந்தைக்குப் போகவில்லை என்று விளங்கிக்கொள்ளுங்கள். அவருக்கும் ஒரு உபகாரம் செய்யலாம். ஒரு கதிரையைப் போட்டு, அரை நாள் கடையில் உட்காரச் சொல்லுங்கள். அவர் அலுவலகத்தில் ஆறு மாதத்தில் கற்காததை உங்கள் லாச்சிக்கு அருகே கற்றுக்கொண்டு போவார்.

அத்துடன் கடையில் ஒரு வழக்கத்தை இன்றே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் தொலைபேசித் திரையைப் பார்த்துச் சாமானைக் கொடுக்காதீர்கள், உங்கள் கணக்குக்கு வந்த அறிவித்தலைப் பார்த்துக் கொடுங்கள். இரகசிய இலக்கத்தையோ, தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டையோ வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அன்றாடம் கடை மூடுமுன் செயலியின் பட்டியலையும் விற்பனைக் கொப்பியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் முன்னோர் கடல் கடந்து வியாபாரம் செய்த காலத்தில், எழுதிய ஒரு கடுதாசித் துண்டையும் ஒரு மனிதரின் வாக்கையும் நம்பி ஊர் விட்டு ஊருக்குப் பணம் மாறியது. ஹவாலா என்ற அந்த முறையைத் தாங்கி நின்றது இரு முனையிலும் இருந்தவர்களின் நாணயம். இன்று கடுதாசிக்குப் பதில் திரை வந்திருக்கிறது. ஆனால் பணம் அனுப்புபவர் இன்றும் அறிய விரும்புவது அதே மூன்று விடயங்களைத்தான்: போய்ச் சேருமா, குறையாமல் சேருமா, பிசகினால் பொறுப்பேற்க ஒருவர் இருக்கிறாரா? இம்மூன்றுக்கும் தன் வாடிக்கையாளரிடமே கேட்டுப் பதில் கட்டுகிறவரின் செயலி நம் கடைகளில் நிலைக்கும்.